பைபாஸில் உடைந்த பூசணிக்காய்

என் இடது முழங்காலை உடைத்தவர் பெயர் கணேசபாண்டியன். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். நல்லவர்களைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பிடிவாதக்காரரைப் பற்றி எழுதுகிறேன். கால் என்னுடையது என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு.

அவருக்கு முன்னால் அந்தச் சாலையைத் திட்டிவிட வேண்டும். மும்பைக்குள் நுழையாமல் மும்பையைக் கடந்து போவதற்கென்று கிழக்குப் புறநகர் ஓரமாக ஒரு பைபாஸ் போட்டார்கள். போட்டபோது இரண்டு பக்கமும் சேறும் உப்பளமும்தான் இருந்தனவாம். சாலை வந்தது. அதன் பின்னாலேயே நகரமும் வந்து இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு அது ஊரைச் சுற்றிப் போகிற சாலை என்று நம்புகிறவர்கள் போர்டு எழுதுகிறவர்கள் மட்டும்தான். கண்டெய்னர் லாரி, தண்ணீர் டேங்கர், சிமென்ட் கலக்குகிற வண்டி, இவற்றுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டர்காரர்கள். மழை முடிந்தால் குழி. குழியை மூடினால் மேடு. அந்தச் சாலையில் நிம்மதியாகப் போகிற ஒரே ஜீவன் எருமை.

நான் வைத்தீஸ்வரன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று பில்டர் எல்லோரையும் கிளப்பியதில் செம்பூருக்கு வந்து சேர்ந்தேன். பில்டர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அலுவலகத்தையும் அதே சமயம் தாணே பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு ரயில் மாறிப் போக அலுப்புப்பட்டு, இந்த வயதில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் பைபாஸ்தான்.

பைபாஸை ஒட்டி ஒரு சர்வீஸ் ரோடு ஓடுகிறது. மேம்பாலம் இறங்கும் இடத்தில் அந்த சர்வீஸ் ரோட்டில்தான் கணேசபாண்டியனின் மெக்கானிக் கடை. 'ஸ்ரீ சுடலை ஆட்டோ' என்று ஹிந்தியில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருக்கும். பாலத்தில் குதித்துக் குதித்து வருகிற வண்டிகள் கழன்று விழும் இடம் பார்த்துக் கடை போட்டிருக்கிறார். "ரோடு சரியா இருந்துட்டா நமக்கு ஏது சோறு?" என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பைபாஸ் பஞ்சர் கடைக்காரர்கள் ஆணி தூவுகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். கணேசபாண்டியன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. செய்திருக்க வேண்டும் என்று நான் ரொம்ப நாள் ஆசைப்பட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உடம்பு. தலை பாதி நரைத்திருக்கும். மீசைக்கு மட்டும் டை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் தாராவிக்கு வந்து, மாமன் பட்டறையில் லேத்துக்கு எண்ணெய் விட்டு, வெல்டிங் பழகி, அப்புறம் மெக்கானிக் ஆனவர். இப்போது சுனாபட்டியில் வீடு. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு நீலச் சட்டையின் முதுகு மட்டும்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜை அன்று சாயங்காலம். மறுநாள் தசரா என்பதால் பைபாஸ் நெடுகச் சாமந்திப் பூவைக் குவித்துவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பூ வாங்குகிறவர்கள் எல்லோரும் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஒரு அடி நகர முடியவில்லை. நான் புத்திசாலித்தனமாக சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கடை வாசலில் ஒருவர் பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஷட்டருக்கு மாவிலை, கம்ப்ரஸருக்குச் சந்தனப் பொட்டு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம்ம ஊர்க்காரர் என்று. அந்தச் சந்தோஷத்தில் வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். அவர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி ரோட்டில் போட்டார். அது நாலாபக்கமும் சிதறியது. அவர் திரும்பி நடந்தார். என் முன்சக்கரம் அந்தக் கூழில் ஏறியது.

விழுந்தது நினைவில்லை. விழுந்த பிறகு ஸ்கூட்டர் என் முழங்கால் மேல் கிடந்தது நினைவிருக்கிறது. "சார்! ஐயோ, சார்! கொஞ்சம் பாருங்கோ!" என்று தமிழில்தான் கத்தினேன். நீலச் சட்டை முதுகு ஷட்டருக்குள் போனது. மறுபடியும் கத்தினேன். ஷட்டர் கீழே இறங்கியது.

ஓடி வந்தது பக்கத்து டீக்கடை ஆபிதா. கடையநல்லூர்க்காரி, தாராவியிலிருந்து வந்து அங்கே கடை போட்டிருப்பவள். ஸ்கூட்டரைத் தூக்கி, என்னை இழுத்து ஓரமாகப் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள். வழியில் கூடிய கூட்டம் என்னைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து ஹிந்தியில் 'கூன், கூன்' என்று அலறியது. பூசணிக்குள் போட்டிருந்த குங்குமம் என் தலையெல்லாம், சட்டையெல்லாம் அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியிலும் அதே கூத்து. எனக்குப் பிளந்தது முழங்கால் சில்லு. அவர்கள் மண்டையைத் துடைத்துத் துடைத்துக் காயம் தேடிக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் "போப்ளா மேல கேஸ் போடவா?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். போப்ளா என்றால் மராத்தியில் பூசணி.

மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்த காலத்தில் எனக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. அந்த முதுகுதான் தெரிந்தது. பூசணி உடைத்தால் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். மாட்டுங்காவில் அப்பா வாசலில் உடைத்துவிட்டு நேரே உள்ளே வந்து கால் அலம்புவார். திரும்பினால் கழித்த திருஷ்டி பின்னாலேயே வந்துவிடுமாம். ஆனால் அப்பாவுக்குப் பின்னால் யாரும் கால் உடைந்து கிடந்ததில்லை.

நடக்கத் தொடங்கியதும் கைத்தடியோடு முதலில் போன இடம் அந்தக் கடைதான். அவர் ஒரு பைக்கின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குப் பூசணிக்கா ஒடச்சது நீங்கதானே?"

"ஆமா சார்."

"விழுந்தவன் நான்."

"தெரியும்." ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "வண்டி ரெடியா இருக்கு. ஃபோர்க் மாத்தியாச்சி. நம்ம செலவுதான். எடுத்துட்டுப் போங்க."

என் ஸ்கூட்டர் கடைக்குள் சுத்தமாகத் துடைத்து நின்றது. யாரும் கேட்காமலே சரிசெய்து வைத்திருந்தார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"வண்டிய விடுங்கோ. நான் கூப்ட்டது காதுல விழுந்துதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுது" என்றார்.

"கேட்டுமா திரும்பல?"

"திரும்பப்படாதுல்லா."

அந்த 'ல்லா'தான் என் உச்சந்தலையில் ஏறியது. எனக்கும் தெரிந்த விஷயத்தை நினைவுபடுத்துகிற தோரணை. எனக்கும் தெரிந்த விஷயம்தான் என்பது எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

"ஒரு மனுஷன் ரோட்டுல கெடந்து கத்தறான். மன்னிப்புக் கேளுங்கோ."

"என்னத்துக்கு?"

"திரும்பாததுக்கு."

அவர் எழுந்து கையைத் துடைத்தார். "தடியங்கா ரோட்டுல கெடந்ததுக்குக் கேக்கேன் சார். அது நம்ம தப்பு. வேணும்னா கால்லகூட விழுதேன். திரும்பாததுக்குக் கேக்க மாட்டேன்."

தடியங்காய் என்றால் அவர் ஊரில் வெள்ளைப் பூசணி. அதற்காகக் காலில் விழுவாராம். நான் கேட்டதோ ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வருகிறவரை வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் என் ஸ்கூட்டரின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி உள்ளே தள்ளிவைத்தார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஆபிதாவின் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் கடை நேராகத் தெரியும். ஆட்டோவில் போய், ஒரு டீ குடித்து, அவரை முறைத்துவிட்டு, ஆட்டோவில் திரும்புவேன். "ஊர் உலகத்துல எல்லாரும் சனிக்கெழம கோவிலுக்குப் போவா. நீங்க மெக்கானிக் கடைக்கு முறைக்கப் போறேள். விட்டுத் தொலைங்கோளேன்" என்று என் மனைவி ராஜலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். விட்டுத் தொலைக்கிற சுபாவம் எனக்கு இருந்திருந்தால் அலுவலகத்தில் எப்போதோ மேலே போயிருப்பேன்.

அவரும் சளைத்தவர் இல்லை. "கால் தேவலையா சார்?" என்பார்.

"உங்க தயவுல நன்னா நொண்டறேன்."

"நல்லது."

இப்படியே மழைக்காலம் வந்தது. 'சார்' போய் 'வே' ஆனது. "என்னவே, இன்னிக்கு லேட்டு?" என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அவரிடம் வருகிற வண்டிக்காரர்களிடம் நான் சும்மா இருக்காமல், "இவர்ட்டயா குடுக்கறேள்? பாத்துக் குடுங்கோ" என்று எடுத்துவிடுவேன். ஒரு தடவை அவர் வேண்டுமென்றே சைலன்ஸர் இல்லாத புல்லட் ஒன்றை என் பக்கம் திருப்பி நிறுத்தி, நான் டீ குடித்து முடிக்கிறவரை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை வராதா என்று இருந்ததும் உண்மை.

ஆபிதாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் சின்னப்புள்ளைல சண்ட போடாம வளந்துட்டீகளா?" என்று கேட்பாள். ஒரு சனிக்கிழமை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. பைபாஸ் முழுக்கத் தண்ணீர். கணேசபாண்டியன் முட்டளவு தண்ணீரில் நின்று யாருடைய வண்டியையோ தள்ளிக்கொண்டிருந்தார். கடையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"அவரு ஏன் திரும்பலன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள்.

"மூடநம்பிக்கை."

"அதான் எல்லாருக்கும் இருக்கே. நீங்க கேளுங்க. அண்ணாச்சிக்கு இது மொதக் கட இல்ல. இதுக்கு முன்ன பழைய ரோட்டு ஓரமா சொந்தமா ஒரு கட வச்சிருந்தாரு. நல்ல ஓட்டம். அங்க ஒரு ஆயுத பூசைக்குத் தடியங்கா ஒடச்சிட்டு உள்ள போறாரு. அவரு மக பானுமதி, அப்ப இத்தினிக்காண்டு புள்ள, அம்மா கைய உதறிட்டு ரோட்டுப் பக்கமா ஓடி வந்து 'யப்பா'ன்னு கூப்பிட்டுட்டு. பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்? இவரு திரும்பிட்டாரு."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அந்த வருசமே இந்தா ஓடுதே, இந்த பைபாசுக்கு வழி விடணும்னு கடைய இடிச்சிட்டானுவ. அடுத்து வந்த மழைல மைனிக்கு, அதான் அவரு பொஞ்சாதிக்கு, மஞ்சக்காமால. போயிட்டாக."

 ஆபிதா பாலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் புள்ளைய ஒரு வார்த்த சொன்னதில்ல சார் அவரு. ஆனா வருசா வருசம் ஆயுத பூசை வந்தா பாண்டுப்ல அத்தை வீட்டுக்கு அனுப்பிருவாரு. பின்னால நின்னு கூப்பிட்டுறப்படாதுல்லா. அதுக்கு வெவரம் தெரிஞ்சதும் அதுவாவே போயிரும். இப்பக் கல்யாணம் ஆகி பாண்டுப்லயேதான் இருக்கு. அந்த நாளுக்கு மட்டும் இங்க எட்டிப் பாக்காது."

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் மனசு இளகியிருப்பார்கள். எனக்கு வந்தது வேறு யோசனை. வருகிற ஆயுத பூஜைக்கு இதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். அவர் உடைத்துவிட்டு நடக்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். போன வருஷம் போல அடிபட்ட குரலில் கத்த வேண்டும். அவர் திரும்ப வேண்டும். திரும்பினால் அவருக்கு என்ன ஆகும் என்று அவர் பயப்படுகிறாரோ, அந்தப் பயத்தை அவர் வருஷம் பூராவும் சுமக்கட்டும்; நான் இந்தக் காலைச் சுமக்கிற மாதிரி. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை. அவருக்கு இருக்கிறது, அது போதும். இந்த யோசனை வந்த பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆயுத பூஜையும் வந்தது. சாமந்திப் பூ வாங்கப் போகிறேன் என்று ராஜலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூ வாங்கப் போறவா மூஞ்சியா இது?" என்றாள். ஆட்டோவில் ஏறினேன்.

அன்றும் அதே நெரிசல். அதே மாதிரி புத்திசாலிகள் சர்வீஸ் ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கணேசபாண்டியனின் கடை வாசலில் பழைய டயர்களை ரோட்டுப் பக்கமாக வரிசையாக அடுக்கி ஒரு தடுப்புச் செய்திருந்தார்கள். பெஞ்சின் ஓரமாக ஒரு விளக்குமாறு சாத்தியிருந்தது. "ஒடச்ச கையோட நீ கூட்டித் தள்ளிருன்னு காலைலயே வந்து குடுத்துட்டுப் போறாரு" என்றாள் ஆபிதா.  விளக்குமாற்றைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறியது வாஸ்தவம். பிறகு முழங்காலை நீவி விட்டுக்கொண்டு மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

வெளியே வந்தார். போன வருஷத்தைவிடப் பெரிய பூசணி. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சனிக்கிழமை இல்லாத நாளில் நான் ஏன் வந்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் தெரிந்தது. ஆபிதாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு சைகை காட்டியிருந்தால்கூட நான் எழுந்து போயிருப்பேனோ என்னவோ. அவர் காட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்.

தூக்கிப் போட்டார். பூசணி டயர்களுக்கு உள்பக்கம்தான் விழுந்தது. ஆனால் ஒரு பெரிய துண்டு டயர் மேல் பட்டுத் தெறித்து, கூழும் குங்குமமுமாகச் சறுக்கிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். அதே நீலச் சட்டை.

நான் எழுந்தேன். "கணேச" என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்தது. ஒரு பெண், முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு, நேராக அந்தத் துண்டை நோக்கி. ஆபிதா விளக்குமாற்றோடு இன்னும் பாதி வழியில் இருந்தாள். எனக்குப் பாதிப் பெயர் தொண்டையில் நிற்கிறது, என் வாயிலிருந்து வந்ததோ, "ருக்கோ! ஏய், ருக்கோ! பச்சா ஹை!" என்ற அலறல், நில்லு, குழந்தை இருக்கு என்று ஹிந்தியில். பைபாஸ் லாரிகளையும் தாண்டிக் கேட்டிருக்கும். அவள் பிரேக்கைப் பிடித்தாள். பிடித்ததுதான் தப்பு. பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது.

கணேசபாண்டியனின் கை ஷட்டரில் இருந்தது. அந்தக் கை இழுக்கவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றார்.

திரும்பினார்.

அந்தக் கட்டை உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. டயர்களைத் தாண்டி வந்து, ஸ்கூட்டரின் ஹேண்டிலில் நெஞ்சைக் கொடுத்து, ஒரு கையால் குழந்தையை வாரிக்கொண்டார். வண்டி அவர்மேல் சாய்ந்து நின்றது. குழந்தை அவர் தோளில் இருந்தபடி சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. இறங்கி, ரோட்டில் கிடந்ததைப் பார்த்து, அவர் கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்து, அவரையும் அவர் குலத்தையும் ஹிந்தியில் ஐந்து நிமிஷம் வைது தீர்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் என்னால் மறுக்க முடியாது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் கூப்பிடாமலே திரும்பிவிட்டார். ஆனால் எனக்கு வந்தது கோபம்தான், அதுவரை வராத கோபம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"யாரோ ஒருத்திக்குத் திரும்பினீரே! நான் தமிழ்ல கத்தினேனே, எனக்கு ஏன்யா திரும்பல?"

அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார்.

"ஒரு வருசமா ஒம்ம சத்தம் காதுக்குள்ள கெடக்குவே" என்றார். "படுத்தாலும் கேக்கு, எந்திச்சாலும் கேக்கு. இன்னொண்ணுக்கு அதுல எடமில்ல."

நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு அதுதான் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அவர் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டார். உடைந்த பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"திரும்பிட்டேன்" என்றார். "பானுவுக்கு இது நெறமாசம்வே."

 வருகிற கஷ்டம் தனக்கு வராமல் மகளுக்கு வந்துவிடுமோ என்று பயந்தார். போன தடவை அப்படித்தானே வந்தது, தன்னை விட்டுவிட்டு மனைவிக்கு. ஆபிதா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வையில், நான் எதற்காக வந்து உட்கார்ந்திருந்தேன் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது என்று புரிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஒமக்கு இதுல நம்பிக்க உண்டுமா?"

"கிடையாது."

"பின்ன எப்படித் தெரியும்?"

 ஆபிதா கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி, நொண்டிக்கொண்டே ரோட்டில் கிடந்ததையெல்லாம் கூட்டித் தள்ளினேன். பிறகு கடைக்குள் போய்ப் பெட்ஷீட்டை உருவிப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. வாராவாரம் யாரோ ஓட்டி வைத்திருக்க வேண்டும். அவர் என்னைத் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ராஜலக்ஷ்மி, "பூ எங்கே?" என்று கேட்டாள். மறந்துபோனேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் அலுவலகம் போனதில்லை. மேம்பாலம் ஏறும் முன்னால் சர்வீஸ் ரோட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பிவிடுவேன். திறந்திருந்தால் ஆத்திரம் வரும், நன்றாகத்தானே இருக்கிறான் என்று. அந்த ஆத்திரத்தோடு நிம்மதியாக வண்டி ஓட்டுவேன். எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு ஏதாவது ஒன்று ஆனால், அவர் வீட்டில் யாருக்காவது ஒன்று ஆனால், என் பாதிக் கூப்பாடு அதில் இருக்கிறது என்ற எண்ணத்தை என்னால் தள்ள முடியவில்லை.

தீபாவளி கழிந்த சில நாளில் ஷட்டர் மூடியிருந்தது. டீக்கடையும் மூடியிருந்தது. அவர் கடையை மூடி நான் பார்த்ததே இல்லை. மழையிலும் திறந்து வைத்திருப்பவர்.  பைபாஸ் நடுவிலேயே வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஒரு டேங்கர்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு என் தாயாரை இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைப் போர்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 

"சொல்லும்" என்றது குரல்.

"ஏன் கடைய தொறக்கல?"

"என்ன, செத்துட்டேன்னு பாத்தீரா?"

"ஆமாம்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் பேசுகிற சத்தமும், நடுவில் ஆபிதாவின் குரலும் கேட்டன. "பாண்டுப்ல இருக்கேன்வே. பானுவுக்குப் பொறந்திருக்கு. பொட்டப்புள்ள. தாயும் புள்ளையும் சொகம்."

 ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன கேடு, காலங்கார்த்தால மனுஷனைச் சாகடிக்கணுமா என்று கண்டபடி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்படி ஓடுது?" என்றார்.

"லட்சணமா ஓடறது. பிரேக் சரியில்ல."

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தெனமும் காலைல நீரு என் கடையப் பாத்துக்கிட்டே போறீரு. ரோட்டப் பாத்து ஓட்டும்."